கால யந்திரமும் குழந்தைகளும்

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், நம் நாட்டுச் சரித்திரத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதாகும். நான் உபாத்தியாயர் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் டீக்கடைப் பத்திரிகையும், இரவல் புத்தகமும், வாசகசாலையுந்தான். அப்படிப்பட்டவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால், சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் நாற்பது வயது வரையில் தேடித் தேடிப் படிக்க நேர்ந்த யோக்கியதை ஒன்றுதான் எனக்கு உண்டு. நான் சொல்லுவதில் தப்பிருந்தால் கூட்ட முடிவில் சீட்டு எழுதிக் கேட்கலாம்.

இந்த விஷயம் என் மனதில் விழுந்தது ஒரு செல்போனால். என் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் சாயங்காலம் அவள் ஒரு வீடியோப் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பிள்ளைகளும் ஒரு கோமாளியும் தகரப் பெட்டி மாதிரி ஒரு கால யந்திரத்துக்குள் ஏறுகிறார்கள். முள்ளைத் திருகுகிறார்கள். டமார் என்று ஒரு சப்தம், புகை, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய தஞ்சாவூரில் போய் இறங்குகிறார்கள். கோமாளியின் மூக்குக் கண்ணாடியைக் கண்டு சோழ ராஜாவின் காவலாள் பயந்து ஓடுகிறான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இராஜராஜன் பெயரும், பெரிய கோவில் 1010-ல் முடிந்தது என்பதும், எங்கள் காலத்தில் பிரம்பு விழுந்தும் ஏறாத சங்கதிகள், ஐந்து நிமிஷத்தில் அந்தக் குழந்தையின் தலையில் ஏறிவிட்டன.

கடைசியில் அந்தக் கோமாளி ஒன்று சொன்னான்: "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையிலே விழவே விழாது!" குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் மாமா விழாது?" என்று கேட்டாள். "யார் சொன்னது, போய்ப் பார்ப்போமா?" என்றேன். லீவில் போனோம். சாயங்காலம் நான்கு மணிக்கு, கோபுரத்தின் நிழல் முற்றத்தில் நீளமாகப் படுத்துக் கிடந்தது. அந்த நிழலில்தான் ஜனங்கள் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நிழலில் உட்கார்ந்துகொண்டே நிழல் விழாது என்று பேசிக்கொண்டிருந்தவர்களும் உண்டு! உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு மேலே நிற்கிற மாதங்களில், அடி அகன்று மேலே குறுகிப்போகும் எந்தக் கட்டடத்தின் நிழலும் அதன் அடிமேலேயே விழும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நெற்குவியலுக்கும் அப்படித்தான்.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், படம் கெட்டது என்று சொல்லுவதற்கல்ல. "சரித்திரம் என்ன விளையாட்டா? செல்போனில் பார்த்துப் படிக்கிற படிப்பும் ஒரு படிப்பா?" என்று முகத்தைச் சுளிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்சி எனக்கில்லை. நான் படித்த காலத்தில் சரித்திர வகுப்பு என்றால், எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எந்த வருஷம் செத்தான், அவன் மரம் நட்டானா, குளம் வெட்டினானா என்பதுதான். எல்லா ராஜாவும் மரம் நட்டார்கள்; எங்கள் ஊரில் மட்டும் நிழலுக்கு ஒரு மரமில்லை. அதைவிடக் கோமாளியும் தகரப் பெட்டியும் எவ்வளவோ மேல்.

வெள்ளைக்காரர் தேசங்களில் இது பழைய வித்தை. வெல்ஸ் என்னும் இங்கிலீஷ்காரர் கால யந்திரக் கதையை 1895-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் 1959-ல், கண்ணாடி போட்ட ஒரு நாயும் அது வளர்க்கும் ஒரு பையனும் சரித்திரத்துக்குள் போய் வருகிற கேலிச் சித்திரம் டெலிவிஷனில் வந்தது. இங்கிலாந்தில் 2009 முதல், ராஜாக்களின் அழுக்கையும் பேனையும் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் சரித்திர நிகழ்ச்சி நடந்தது. நம் தேசத்திலும், நேரு 1928-ல் பத்து வயது மகளுக்குக் கடிதம் எழுதினபோது ராஜாவிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கல்லிலிருந்தும் மலையிலிருந்தும் ஆரம்பித்தார். நம் சர்க்காரும் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வைத்து, அடுத்த வருஷம் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது அதன் வழியாய் வீட்டுக்குள்ளேயே பாடம் அனுப்பிற்று. ஆகவே படம் வேண்டுமா வேண்டாமா என்கிற தர்க்கம் முடிந்துபோன தர்க்கம். யந்திரம் எங்கே போய் நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தோழர்களே! கால யந்திரம் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பாட்டி காலமெல்லாம் கதாகாலட்சேபம் செய்தவன் ஓட்டினதும் கால யந்திரந்தான். அவன் பத்தாயிரம் வருஷம் தவம் செய்தவனைக் காட்டினான், பூமியைப் பாயாகச் சுருட்டினவனைக் காட்டினான். டிக்கெட்டு மட்டும் வாங்கிக்கொண்டான். எப்படித் தெரியும் என்று கேட்டால் நாஸ்திகன் என்றான். அது போய்விட்டதென்று எண்ணாதீர்கள். 2015 ஜனவரியில் பம்பாயில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரசிலேயே, வேத காலத்தில் ஆகாய விமானம் இருந்ததென்று மேடையேறிக் கட்டுரை படித்தார்கள். ஓர் ஆணி, ஒரு தகடு காட்டினார்களா? இல்லை.

நிற்க, அவர்களைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். 1981-ல் மதுரையில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதில் நம் சர்க்கார் பணத்தில் எடுத்த ஒரு படம் காட்டினார்கள். எதைப் பற்றி? கடலில் மூழ்கிப்போன குமரிக் கண்டத்தைப் பற்றி! இந்து மகா சமுத்திரத்தில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று 1864-ல் ஸ்கிளேட்டர் என்னும் இங்கிலீஷ்காரர் ஊகித்தார். எதற்காக? மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரிப் பிராணிகள் இருக்கின்றனவே, அது எப்படி என்பதற்காக. பிறகு கண்டங்களே மெதுவாக நகருகின்றன என்று தெரிந்தபோது, விஞ்ஞானிகள் அந்த ஊகத்தைக் கைவிட்டார்கள். நம்மவர்கள் கைவிடவில்லை. அவர் குரங்குச் சாதிக்காக உண்டாக்கின கண்டத்தில் நாம் தமிழனைக் குடியேற்றி, அரண்மனை கட்டி, சங்கமும் வைத்துவிட்டோம். பார்ப்பனர் சொன்னால் புராணம், நாம் சொன்னால் சரித்திரம் என்பது எந்த ஊர் நியாயம்? இதை நம் கூட்டத்தில் சொல்லுவதால் சிலருக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதுரையில் உட்கார்ந்து அவர்கள் இல்லாத கண்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு தென்னந்தோப்புக்குக் கீழே நிஜமான ஊர் ஒன்று மண்ணுக்குள் கிடந்தது. அது நம் சிவகங்கை ஜில்லாவில், திருப்புவனம் தாலூகாவில் உள்ள கீழடி. 2014-ல் மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா தோண்ட ஆரம்பித்தது. 2018 முதல் நம் ராஜ்ய சர்க்கார் இலாகா தோண்டுகிறது. செங்கல் சுவர், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, பாசிமணி, தாயக்கட்டை, இவற்றோடு நூற்றுக்கணக்கான ஓட்டுச் சில்லுகள். நம் தெருவில் பெண்பிள்ளைகள் கோடு கிழித்து நொண்டி ஆடுகிறார்களே, அதே மாதிரி வட்டமாய்த் தேய்த்த சில்லு!

கால யந்திரம் நிற்கவேண்டிய இடம் இதுதான். ஆனால் படம் எடுக்கிறவர்கள் குழந்தையை நேராகப் பழங்காலத்துத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. முதலில் குழியில் இறக்கவேண்டும். கோமாளி, "இது 2,600 வருஷத்துக்கு முந்தியது" என்று சொன்னால், குழந்தை, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கவேண்டும். அதற்குப் பதில் இருக்கிறது. அது மந்திரத்தைவிட ருசியான பதில்.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஓர் ஆள் தலைக்கு மேலே இன்னோர் ஆள் நின்றால் எட்டுகிற அளவு ஆழத்தில், ஒரு கரித்துண்டு கிடைத்தது. மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கரியை இழுத்துக்கொள்ளுகிறது. அந்தக் கரியில் மிக மிகக் கொஞ்சம் கார்பன் 14 என்கிற ஒரு தினுசு. மரம் செத்ததும் வரவு நின்றுபோகிறது. செலவு மட்டும் நடக்கிறது. 5,730 வருஷத்தில் சரிபாதி கரைந்துவிடும். அடுத்த 5,730 வருஷத்தில் மிச்சத்தில் பாதி. வட்டிக் கணக்குப் பார்த்த செட்டிநாட்டுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வரவு நின்ற நாள் தெரிந்துபோகும். கீழடிக் கரியை அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். அந்தத் தினுசில் கால் பங்குக்குச் சற்று மேல் கரைந்திருக்கிற வயது வந்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 580 வருஷத்துக்கு முன் என்று கணக்குச் சொன்னார்கள். 2019 செப்டம்பரில் நம் இலாகா அதை வெளியிட்டது. அந்த அமெரிக்கனுக்குத் தமிழன்மேல் பாசமும் இல்லை, பகையும் இல்லை. அதனால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

இன்னொன்று பாருங்கள். பக்கத்துக் கொந்தகையில் தாழிகளில் புதைத்த பிணங்களின் எலும்பு கிடைத்தது. அதில் இரண்டு மண்டை ஓடுகளிலிருந்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் சர்வகலாசாலையில் கம்ப்யூட்டரைக் கொண்டு இரண்டு ஆண் முகங்களை உண்டாக்கி 2025-ல் வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். தாடையும் கன்னமும் எலும்பு சொல்லுவது. தோலின் நிறமும் மயிரும் பெரும்பாலும் ஊகித்துப் போட்டது. குழந்தைக்குப் படம் காட்டும்போது, இது எலும்பு சொன்னது, இது நாங்கள் சேர்த்தது என்று இரண்டு நிறத்தில் காட்டட்டுமே! காட்டினால் குழந்தைக்குச் சுவாரசியம் குறையாது. எங்கள் வீட்டுப் பெண் அந்த இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, "இவருக்கு மீசை வைத்தது யார் மாமா?" என்றுதான் கேட்டாள்.

கீழடியைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி மேடையில் சொல்லுகிற ஒன்று உண்டு: அங்கே கோவில் கிடைக்கவில்லை, சாமி சிலை கிடைக்கவில்லை, ஆகையால் அக்காலத் தமிழன் சாமி கும்பிடாதவன் என்று. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசினவன்தான். கோவில் என்று சொல்லத்தக்க கட்டடம் அங்கே தோண்டின குழிகளில் கிடைக்கவில்லை என்பது வரையில் சரி. தோண்டினது அந்த மேட்டில் கொஞ்சம் இடந்தான். பிணத்தைத் தாழியில் வைத்து, கூடவே சட்டி பானையும் வைத்துப் புதைத்த ஜனங்கள், செத்தவனைப் பற்றி ஏதோ நம்பிக்கை வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தமாகும்? நமக்குப் பிடித்தது என்பதற்காகக் கரித்துண்டு சொல்லாததை நாம் சொன்னால், நிழல் விழாது என்ற கோமாளிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அதே மாதிரி, கீழடி பற்றி 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்து என்று 2025-ல் மத்திய இலாகா திருப்பி அனுப்பினதும், இன்னும் ஆதாரம் வேண்டும் என்று மந்திரி சொன்னதும் உங்களுக்குத் தெரியும். ஆதாரம் கேட்பது தப்பென்று நான் சொல்லமாட்டேன். வேத விமானத்துக்கும் அதே தராசை எடுங்கள் என்றுதான் கேட்பேன்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கீழடியில் 2018-ல் தோண்டினபோது எழுத்துக் கீறின பானை ஓடுகள் 56 கிடைத்தன. இன்று நாம் எழுதுகிற எழுத்தல்ல. பிராமி என்றும் தமிழி என்றும் சொல்லுகிற பழைய எழுத்து. அதில் ஆதன் என்று ஒரு பெயர், குவிரன் என்று ஒரு பெயர். ராஜா கல்லில் வெட்டச் சொன்ன சாசனமல்ல. சோறாக்குகிற, தண்ணீர் மொள்ளுகிற மண்பானையின் தோளில் கீறினது. கையெழுத்தும் ஒரே கையெழுத்தல்ல. அதாவது, ராஜாவும் புரோகிதனும் அல்லாதவர்களும் தன் சட்டியில் தன் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

யந்திரத்தை இங்கேயே நிறுத்திவிட்டுக் கைதட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் எல்லாரும் செய்கிற காரியம். நான் கேட்கிறது, முள்ளை இன்னொரு தரம் திருகு என்பது. எங்கே? 1931-க்கு. ஊர் மாற வேண்டாம். அப்போது இது இராமநாதபுரம் ஜில்லா. சிவகங்கை தனியாகப் பிரிந்தது 1985-ல்தான். அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில், ஆதிக்க ஜாதியார் கூடி ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்கள் மேலுக்குத் துணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், மாட்டைக் கொள்ளையடித்தார்கள். அதுவும் போதவில்லை என்று 1931 ஜூனில் பதினோரு தடை போட்டார்கள். அதில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாடு மேய்க்கத்தான் வேண்டும். இன்னொன்று, அவர்கள் பெண்கள் செம்பிலும் பித்தளையிலும் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்பானையில்தான் எடுக்கவேண்டும்.

மண்பானை, தோழர்களே! அதே வைகைச் சீமை, அதே மண், அதே பானை. ஒரு காலத்தில் ஒருவன் அதன் தோளில் தன் பெயரைக் கீறினான். இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் கழித்து, அதைத் தூக்குகிறவளின் பிள்ளை தன் பெயரைச் சிலேட்டில் எழுதினால் குடிசைக்கு நெருப்பு. இது நான் கட்டின கதையல்ல. 1931-ம் வருஷ ஜனக்கணக்குக் கமிஷனராய் இருந்த ஹட்டன் என்பவர் ஜாதியைப் பற்றி எழுதின புத்தகத்தில் ஒவ்வொன்றாய் வரிசையிட்டு எழுதி வைத்திருக்கிறார். ஆதனிலிருந்து இந்தப் பிள்ளை வரையில் நடுவில் என்ன நடந்தது? எழுத்தை யார் யார் கையிலிருந்து யார் பிடுங்கினார்கள்? நம் நாட்டுச் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. எந்த வீடியோவிலும் கோமாளி இந்த ஸ்டேஷனில் இறங்கி நான் பார்த்ததில்லை.

தஞ்சாவூரிலும் அப்படித்தான். ராஜா முன்னால் யந்திரம் நிற்கிறது. பின் தெருவுக்குப் போவதில்லை. அந்தக் கோவில் சுவரிலேயே நானூறு பெண்களின் பெயர் வெட்டியிருக்கிறது. எந்தெந்த ஊர்க் கோவிலிலிருந்து கொண்டுவந்தது, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்றெல்லாம் கணக்காக எழுதியிருக்கிறது. அவர்கள் நிலைமை பின்காலத்துத் தாசிகளின் நிலைமைதானா என்று ஆராய்ச்சிக்காரர்கள் தர்க்கம் செய்கிறார்கள், செய்யட்டும். அவர்களைக் கொண்டுவந்தபோது வருகிறாயா என்று கேட்டார்களா என்று ஒரு குழந்தை கேட்கட்டுமே. அந்தத் தெருவில் ஏறினால் 1947-ல் சென்னைச் சட்டசபை பொட்டுக்கட்டுவதை நிறுத்தின இடத்தில் இறங்கலாம். முத்துலட்சுமி ரெட்டியையும் மூவலூர் இராமாமிர்தத்தையும் வழியில் பார்க்கலாம்.

காரைக்குடிக் குழந்தைக்கு யந்திரமே வேண்டாம். முகப்புத் திண்ணையில் நிற்கிற தேக்குத் தூணைத் தொட்டால் போதும், பர்மாவில் இறங்கலாம். கீழ்ப் பர்மாவின் நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு ஆறு. நெல் விலை விழுந்து, கடன் வாங்கின குடியானவன் கட்ட முடியாமல், 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. பிறகு 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது, இங்கிருந்து போன ஏழை எளியவர்கள் காடும் மலையும் நடந்தே திரும்பி, வழியெல்லாம் செத்தார்கள். வீட்டின் அழகைக் காட்ட வெளியூரார் கூட்டி வருகிற பிள்ளைகளுக்கு, அந்தப் பர்மாக் குடியானவனையும் காட்டினால் தூண் ஒன்றும் சாய்ந்துவிடாது.

"பச்சைக் குழந்தைகளிடம் இந்தக் கொடுமைகளைச் சொல்லலாமா, மனது கெட்டுப் போகாதா?" என்று ஒரு தோழர், உபாத்தியாயராய் இருப்பவர், வரும் வழியில் என்னைக் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நான் சொன்னேன்: ஐயா, தாயின் கழுத்தை வெட்டின பரசுராமன் கதையைச் சொல்லுகிறோம், பெற்ற பிள்ளையைக் கறி சமைத்த கதையை நாடகமாகவே போடுகிறோம், அதிலெல்லாம் கெடாத மனது, சட்டை போடாதே என்று ஒருவன் சொன்னான், மீறி ஒருவன் போட்டான் என்பதில் கெட்டுப்போகுமா? மேலும், உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய பாட்டனுக்கு நேர்ந்தது அது. அவன் வீட்டில் அது தெரியும். பாடத்தில் இல்லை என்றால், அவன் என்ன நினைப்பான்? சரித்திரம் என்பது தன்னைப் பற்றியதல்ல என்று நினைப்பான். நானும் அப்படி நினைத்துத்தான் எட்டாம் வகுப்பில் அந்தப் புத்தகத்தை மூடினேன்.

அதற்காக அழுகையும் வசையுமாகப் படம் எடுக்கச் சொல்லவில்லை. கோமாளி இருக்கட்டும். குடை பிடிக்கக் கூடாது என்று கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்கிற பெரிய மனிதர்களைவிடக் கோமாளிகள் யார்? மழை பெய்கிறபோது குடையைப் பார்த்துப் பயப்படுகிற மீசைக்காரனைக் காட்டினால், பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டும்.

கீழடியில் 2023 மார்ச் 5-ந் தேதி காட்சிசாலை திறந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டியிருக்கிறார்கள். நம்மவர்கள் திருவிழாவுக்கு வண்டி கட்டுகிற செலவில் பாதி போதும். ஒரு பகலில் போய்த் திரும்பலாம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போகுமுன் தமிழி எழுத்தில் அவரவர் பெயரை எழுதப் பழக்குங்கள். அரைமணி நேர வேலை. அங்கே பானை ஓட்டைப் பார்த்ததும் அவர்களே எழுத்துக் கூட்டி ஆதன் என்று வாசிப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் பாட்டியை உட்கார வைத்து, உன் சின்ன வயதில் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தாய், எதில் எடுத்தாய், யார் தடுத்தார்கள் என்று கேட்டு, அந்தச் செல்போனிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள். பாட்டி போனபிறகு அதைக் கார்பன் கணக்கால் எடுக்க முடியாது.

நேரமாகிவிட்டது. முன்வரிசையில் உள்ள பிள்ளைகள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. பெரியவர்கள் சீட்டு அப்புறம் இருக்கட்டும், அவர்கள் சீட்டுகளை முதலில் மேடைக்கு அனுப்புங்கள்.